ஸ்கேன் சொல்வதும் முதுகு சொல்வதும்

"டிஸ்க் விலகிடுச்சாம், இனிமே குனியவே கூடாதாம்" என்று ஸ்கேன் கவரும் கையுமாக உடலியக்கச் சிகிச்சைக்கு வருபவர்கள் ஏராளம். உடற்கூறு சொல்லித்தருபவர் காதில் இது நெருடும். முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் என்பது கெட்டியான நார் வளையம், அதற்குள் கூழ். மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. இடம் பெயர்ந்து ஓட வழியில்லை. புடைக்கும், வளையம் கிழிந்தால் கூழ் பிதுங்கும், அவ்வளவுதான். 2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை அலசியது. 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். 80 வயதினரில் 96 சதவீதம். தலை நரைப்பதைப் போல இதுவும் பெரும்பாலும் வயதின் வேலை. படத்தில் தேய்மானம் தெரிவதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவுகட்டுவது அவசரம்.

அப்படியானால் வலி பொய்யா என்று கேட்கலாம். வலி நிஜம்தான். பிதுங்கிய கூழ் நரம்பை உறுத்திக் கால்வரை சுளீரென இழுப்பதும் உண்டு. அதிலும் பலருக்கு அறுவை இல்லாமலே குணமாகிறது. கால் வலுவிழந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், அப்போது ஸ்கேன் அவசியம். மற்றவர்களுக்குப் படுத்தே கிடப்பதுதான் கெடுதல்: தசை தளரும், பயம் வளரும். நாற்காலியில் உட்கார்ந்தபடி முழங்காலை நோக்கி மெதுவாகக் குனிவதில் தொடங்கலாம். வலி கூடினால் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம்.