மேஜை மேல் மூன்று துப்பாக்கி! எதை வாங்குவது?

பி.எஸ்.ஏ. என்றால் நம் ஊரில் சைக்கிள்.

அந்தப் பெயரின் பழைய முத்திரையை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒரு சங்கதி தெரியும். மூன்று துப்பாக்கிகள் ஒன்றோடு ஒன்று சாய்ந்து நிற்கும்!

சைக்கிளுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. பி.எஸ்.ஏ. என்பது "பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்" என்ற பெயரின் சுருக்கம். 1861-ம் ஆண்டு இங்கிலாந்தில், பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர்கள் கூடித் தொடங்கிய கம்பெனி அது. துப்பாக்கிக்குக் கிராக்கி இல்லாத காலத்தில், சும்மா கிடந்த எந்திரங்களை வைத்துச் சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள்.

1905-ம் ஆண்டு அதே கம்பெனி ஒரு புதுச் சரக்கை விற்பனைக்குக் கொண்டு வந்தது. வெடிமருந்து இல்லாத துப்பாக்கி! லிங்கன் ஜெஃப்ரீஸ் என்ற பர்மிங்காம் துப்பாக்கி வியாபாரி கண்டுபிடித்த அமைப்பு அது. உள்ளே ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான்.

அதன் பிறகு எத்தனையோ கம்பெனிகள் போட்டிக்கு வந்துவிட்டன. இங்கிலாந்தில் ஸ்பிரிங் துப்பாக்கி வாங்கப் போகிறவர் இன்றும் கடையில் நின்று தலையைச் சொறிகிறார். எதை எடுப்பது?

முயல் தின்ற தோட்டம்

ஒரு விவசாயி கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பதினைந்து வயது மகளும் உடன் வருகிறாள். தோட்டத்தில் முட்டைக்கோஸ் போட்டிருக்கிறார்கள். முயல் வந்து தின்றுவிட்டுப் போகிறது.

நம் நாட்டில் முயல் வேட்டை குற்றம். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே காட்டு முயல், பயிரை அழிக்கும் பிராணி. 1953-ல் ஒரு கொள்ளை நோய் வந்து முயல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அடுத்த ஆண்டே சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. முயலைக் கட்டுப்படுத்துவது நிலத்துக்காரரின் கடமை என்றே சொன்னது. ஆனாலும் முயல் மறுபடி பெருகிவிட்டது.

கடைக்காரர் மூன்று துப்பாக்கிகளை எடுத்து மேஜை மேல் வைக்கிறார்.

"மூன்றில் எது பலமானது?" என்று கேட்கிறார் விவசாயி.

எல்லாரும் கேட்கிற கேள்விதான். கேட்கக் கூடாத கேள்வியும் அதுதான்!

ஏனென்றால் மூன்றுக்கும் பலம் ஏறக்குறைய ஒன்றே. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு இங்கிலாந்துச் சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. குழலை விட்டு வெளிவரும் குண்டின் சக்தி 12 அடி-பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. அதாவது, 12 பவுண்டு எடையை ஓரடி உயரம் தூக்கும் சக்தி. நல்ல கம்பெனிகள் எல்லாம் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுகொள்கின்றன.

"கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங் போட்டால் என்ன?" என்று சிலர் நினைப்பது உண்டு. போட்டால் அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம் ஆகிவிடும். சிறைக்குப் போக வேண்டியதுதான்.

பலம் ஒன்று என்றால், வித்தியாசம் எங்கே இருக்கிறது?

உள்ளே இருப்பது சைக்கிள் பம்பு!

சைக்கிளுக்குக் காற்று அடித்திருப்பீர்கள். பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை ஓங்கி அழுத்திப் பாருங்கள். காற்று விரலைத் தள்ளும். ஸ்பிரிங் துப்பாக்கியும் இதேதான்.

உள்ளே ஓர் உருளை இருக்கிறது. உருளைக்குள் பிஸ்டன். பிஸ்டனுக்குப் பின்னால் கனத்த ஸ்பிரிங். நெம்புகோலை இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கி மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் ஸ்பிரிங் விடுபட்டுப் பிஸ்டனை முன்னால் தள்ளும். முன்னால் இருக்கும் காற்று நசுங்கும். நசுங்கிய காற்று ஈயக்குண்டைக் குழல் வழியாக வெளியே துரத்தும். பம்பில் இருப்பது போலப் பிஸ்டன் முனையில் ஒரு வாஷர் கூட உண்டு. பழைய துப்பாக்கிகளில் அது தோல் வாஷர்.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? தொல்லை இனிமேல்தான்!

கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் உருளையின் கோடியில் போய் முட்டியதும், துப்பாக்கி முன்னால் துள்ளுகிறது. முன்னும் பின்னும் இரண்டு குலுக்கல்! கண் இமைப்பதற்குள் இவ்வளவும் நடக்கிறது. ஆனால், குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள்ளேயே ஆட்டம் தொடங்கிவிடுகிறது. அங்கேதான் குறி தவறுகிறது.

வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் மட்டும்தான் உதைக்கும். அதற்காகச் செய்த தொலைநோக்கியை ஸ்பிரிங் துப்பாக்கியில் மாட்டினால், முன்பக்கத் துள்ளலைத் தாங்காமல் கண்ணாடி கழன்றுவிடுவதும் உண்டு.

ஆகவே விவசாயி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. "மூன்றில் எது என் கையில் ஆடாமல் நிற்கும்?"

மடக்குவதா, அடியில் இழுப்பதா?

முதல் துப்பாக்கி, மடக்குக் குழல். திருவிழாவில் பலூன் சுடும் கடைக்காரரைப் பார்த்திருப்பீர்கள். குழலைப் பிடித்துக் கீழே மடக்குவார். குண்டு வைப்பார். மறுபடி நிமிர்த்துவார். அதே வகைதான். ஆனால் இது ஜெர்மனியில் வைராக் கம்பெனி செய்த "எச்.டபிள்யூ. 95". பலூன் கடைச் சரக்கோடு இதை ஒப்பிடக் கூடாது.

வைராக் 1899-ல் தொடங்கிய குடும்பக் கம்பெனி. அவர்களும் சைக்கிள் உதிரிபாகங்கள் செய்தவர்கள்தான்! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சொந்த ஊரை விட்டு, பவேரியாவில் மெல்ரிக்ஸ்டாட் என்ற சிற்றூருக்கு வந்து மறுபடி தொழில் தொடங்கினார்கள்.

மடக்குக் குழலில் லாபம் என்ன? எடை குறைவு. சுமார் மூன்றரைக் கிலோ. குழலே நெம்புகோல் ஆகிவிடுவதால் தனியாக ஒரு கம்பி வேண்டாம். குண்டு வைப்பதும் சுலபம். குறிபார்க்கும் முள்ளும் துப்பாக்கியிலேயே இருக்கிறது. வாங்கிய அன்றே சுடலாம்.

குறை? ஒவ்வொரு முறையும் குழல் மடங்கி நிமிர்கிறது. நிமிரும்போது முன்பு நின்ற இடத்திலேயே மயிரிழை பிசகாமல் நிற்க வேண்டும். நல்ல கம்பெனிச் சரக்கு நின்றுவிடும். மட்டச் சரக்கில் நாளாக ஆகக் கீல் தளர்ந்து, குழல் ஆட்டம் காணும். எடை குறைவு என்பதால் உதையும் கையில் அதிகம் தெரியும்.

இரண்டாவது, அதே வைராக்கின் "எச்.டபிள்யூ. 97". இதில் குழல் அசையாது. அடியில் தனியாக ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதைப் பின்னால் இழுக்க வேண்டும். 1905-ல் பி.எஸ்.ஏ. செய்த அதே யோசனை! மூன்றாவது, இங்கிலாந்தின் தென் கோடியில் ஹெயில்ஷாம் என்ற ஊரில் ஏர் ஆர்ம்ஸ் கம்பெனி செய்யும் "டி.எக்ஸ். 200". இதுவும் அடி நெம்புகோல்தான்.

இரண்டும் நாலு கிலோ தேறும். டி.எக்ஸ். இன்னும் கொஞ்சம் கூட. இரண்டிலும் குறிமுள் கிடையாது. தொலைநோக்கி தனியாக வாங்கி மாட்ட வேண்டும். அதற்குத் தனிக் காசு, தனி எடை. விலைச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பையைத் திறக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்!

இந்த இரண்டில் எது உயர்ந்தது என்று அந்த நாட்டுச் சுடும் சங்கங்களில் ஓயாத சண்டை. வைராக்கின் விசைக்கு "ரெக்கார்ட்" என்று பெயர். பல பத்தாண்டுகளாகப் புகழ் பெற்றது. எச்.டபிள்யூ. 95-லும் அதே விசைதான். டி.எக்ஸ். துப்பாக்கியின் விசை அந்த வழியைப் பின்பற்றி இன்னும் மெருகேற்றியது. வேலைப்பாட்டில் டி.எக்ஸ். ஒரு படி மேல், விலையிலும் ஒரு படி மேல். சுட்டுப் பார்த்தால் வித்தியாசம் துப்பாக்கியில் இருப்பதை விட, சுடுகிற ஆளிடம்தான் அதிகம் தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் டி.எக்ஸ். துப்பாக்கியைப் பாராட்ட வேண்டும். அடி நெம்புகோல் துப்பாக்கியில் உருளையே பின்னால் நகர்ந்து வழி விடும். அந்த இடைவெளியில் விரலை விட்டுத்தான் குண்டு வைக்க வேண்டும். அந்தச் சமயம் ஸ்பிரிங் நழுவினால் விரல் நுனி போய்விடும்! டி.எக்ஸ். துப்பாக்கியில் நெம்புகோல் "கடக், கடக்" என்று பல்லில் மாட்டிக்கொண்டே வருகிறது. பக்கத்தில் இருக்கும் கொக்கியை அழுத்தினால்தான் திரும்பிப் போகும். எந்தத் துப்பாக்கியானாலும் குண்டு வைக்கும்போது இன்னொரு கையால் நெம்புகோலைக் கெட்டியாகப் பிடித்திருப்பது விரலுக்கு நல்லது.

வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

குண்டில் இரண்டு அளவு உண்டு. 4.5 மில்லிமீட்டர், 5.5 மில்லிமீட்டர். சின்னது அரைக் கிராமுக்குச் சற்று மேல். விநாடிக்கு 790 அடி போல வேகமாகப் போகும். பெரியது ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. வேகம் 600 அடிதான். ஆனால் சக்தி இரண்டிலும் ஒன்றே. சின்ன குண்டு நேராகப் போவதால், தூரத்தைக் கொஞ்சம் தப்பாக மதிப்பிட்டாலும் பெரிய பிசகு வராது. போட்டியில் சுடுகிறவர்கள் அதையே எடுக்கிறார்கள். முயலுக்குப் பெரியது என்று பழைய வேட்டைக்காரர்கள் சொல்வார்கள்.

சில பெட்டிகளின் மேல் "விநாடிக்கு 1,200 அடி" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். பஞ்சு போல லேசான குண்டைப் போட்டு அளந்த வேகம் அது! ஒலியின் வேகமே விநாடிக்கு ஏறக்குறைய 1,100 அடிதான். அந்த எல்லையைத் தாண்டினால் இந்தக் குண்டு தடுமாறும். வேகம் இருக்கும், குறி இருக்காது.

குறி இல்லாவிட்டால் என்ன ஆகும்?

முயலின் தலையில் ரூபாய் நாணயம் அளவு இடம்தான் இருக்கிறது. அங்கே பட்டால் அது துடிக்காமல் சாகும். இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றில் பட்டால், வளைக்குள் ஓடி ஒளிந்து, நாள் கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். அதனால்தான் பொறுப்புள்ளவர்கள் முதலில் காகிதத்தில் சுட்டுப் பார்க்கிறார்கள். ஐந்துக்கு ஐந்தும் நாணயத்துக்குள் விழும் தூரம் எதுவோ, அதுதான் அவர்களுக்கு எல்லை. ஒருவருக்கு அது முப்பது கஜம். இன்னொருவருக்குப் பதினைந்து கஜம்தான். பதினைந்து கஜக்காரர் முயலை நோக்கி ஊர்ந்து போக வேண்டும், வேறு வழி இல்லை.

பிடிக்கும் விதமும் முக்கியம். இறுக்கிப் பிடித்தால் குறி தவறும். திறந்த உள்ளங்கையில் துப்பாக்கியைப் படுக்க வைத்து, அது இஷ்டத்துக்குத் துள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டும். கல்லின் மேலோ மேஜையின் மேலோ நேராக வைத்துச் சுட்டால் குண்டு வேறு எங்கோ போகும். புதிதாக வாங்கியவர்கள் பலர், "துப்பாக்கி சரியில்லை" என்று கடைக்குத் தூக்கி வருவது இந்தக் காரணத்தால்தான்!

எண்ணெயை நிறைய விடுவதும் தவறு. நசுங்கும் காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டு, புகையும் சத்தமும் வரும். குண்டு வைக்காமல் விசையை அழுத்துவது அதை விடக் கெடுதல். பிஸ்டன் மெத்தை இல்லாமல் போய் இரும்பில் முட்டும்.

மகள் இழுத்துப் பார்த்தாள்

மேஜை மேல் துப்பாக்கிகள் இன்னும் கிடக்கின்றன. விவசாயிக்கு டி.எக்ஸ். பிடித்துவிட்டது. கனம் அதிகம், உதை குறைவு, பளபளப்பு வேறு!

"அப்பா, நானும் சுடுவேன் இல்லையா?" என்கிறாள் மகள்.

நியாயமான கேள்வி. இங்கிலாந்துச் சட்டப்படி பதினான்கு வயது ஆனவர்கள், நிலத்துக்காரர் சம்மதத்தோடு அந்த நிலத்துக்குள் தனியாகவே சுடலாம். வாங்கத்தான் முடியாது. அதற்குப் பதினெட்டு வயது ஆக வேண்டும்.

கடைக்காரர், "பத்துத் தடவை இழுத்துப் பாரம்மா" என்று நெம்புகோலைக் காட்டுகிறார். இழுக்கச் சுமார் பதினைந்து கிலோ பலம் வேண்டும். நாலாவது தடவையில் அவள் முகம் சிவக்கிறது. ஏழாவதில் கை நடுங்குகிறது. தொலைநோக்கியும் மாட்டினால் நின்றபடி தூக்கிப் பிடிக்கவே முடியாது.

மடக்குக் குழல் துப்பாக்கியைக் கொடுக்கிறார். இழுப்பு இதிலும் லேசு இல்லை. ஆனால் நீளமான குழல் நெம்புகோலாக வாய்த்திருப்பதால் சமாளித்துவிடுகிறாள். தோளில் வைக்கிறாள். ஆடவில்லை.

தனியாகச் சுடுகிற பலசாலி என்றால் அடி நெம்புகோலை எடுக்கச் சொல்லலாம். இந்தக் குடும்பத்துக்கு மூன்றரைக் கிலோதான் சரி. மிச்சமான பணத்தில் ஒரு நல்ல தொலைநோக்கியும், நாலைந்து வகைக் குண்டு டப்பாக்களும் வாங்கலாம். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு குண்டுதான் ஒத்து வரும். அது எது என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

விவசாயி பணத்தைக் கட்டுகிறார். ஸ்காட்லாந்தாக இருந்தால் 2016 டிசம்பர் 31 முதல் சான்றிதழும் காட்ட வேண்டும். வீட்டில் பூட்டி வைக்கிற இடம் இருக்கிறதா என்று கடைக்காரர் கேட்கிறார். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்காவிட்டால் அதுவும் அங்கே குற்றம். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும் சாமான் அல்லவா!

துப்பாக்கியை உறையில் போட்டுக் கட்டி, விவசாயி தோளில் மாட்டிக்கொள்கிறார். குண்டு டப்பாக்களும் அவரிடமே. தொலைநோக்கிப் பெட்டியை மட்டும் மகள் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடக்கிறாள்.