லேப்டாப் ஏன் நொண்டுகிறது?

"மச்சி, பிராஸஸர் 800 மெகாஹெர்ட்ஸிலேயே நிக்குது, லேப்டாப் அவ்ளோதான்" என்று யாராவது சொன்னால் உடனே துக்கம் விசாரிக்கப் போய்விடாதீர்கள். 800 என்பது நோயே அல்ல. வேலை இல்லாத நேரத்தில் பிராஸஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மின்செலவு, வேகத்தையும் வோல்டேஜின் வர்க்கத்தையும் பொறுத்தது அல்லவா? 2000 ஜனவரியில் இன்டெல் கொண்டுவந்த 'ஸ்பீட்ஸ்டெப்' பென்டியம் 3, கரண்டில் 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட், பேட்டரியில் 500, 1.35 வோல்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேகம் 23 சதவீதம் குறைய, மின்செலவு சுமார் 45 சதவீதம் குறைகிறது!

கனமான வேலை கொடுத்தும் வேகம் ஏறவில்லை என்றால்தான் கோளாறு. பிடித்து இழுப்பது சாஃப்ட்வேரா, சூடா, சார்ஜரா என்று பார்க்க வேண்டும்.

சாஃப்ட்வேர் சுலபம். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்சிமம் பிராஸஸர் ஸ்டேட்' 100 இருக்கிறதா பாருங்கள். (சூடு குறைய யாரோ 50 வைத்துவிட்டு மறந்திருப்பார்கள்!) லினக்ஸில், புதிய இன்டெல் பிராஸஸரில் கவர்னர் 'பவர்சேவ்' என்று காட்டினால் பதற வேண்டாம். 'பி-ஸ்டேட்' டிரைவரில் அது தேவைக்கேற்ப வேகத்தை ஏற்றும், பெயர்தான் அப்படி.

முதலில் நன்றாக ஓடி, பத்து நிமிடத்தில் வேகம் விழுந்தால் சூடுதான். 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராஸஸர் தன்னைக் காத்துக்கொள்ள இறங்கிவிடும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்கள் சில, அண்ணன் அக்காவிடமிருந்து நம் கைக்கு வந்திருக்கின்றன. இத்தனை வருடத்தில் அவற்றின் தெர்மல் பேஸ்ட் காய்ந்து மண்ணாகியிருக்கும். போதாக்குறைக்கு நம்ம திருவொற்றியூர்! எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசி நேரே ஃபேனில்தான் வந்து உட்காரும். ஃபேனைச் சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பலரும் கோட்டை விடுவது சார்ஜரில்தான். ஜூனியர் ஒருவரின் லேப்டாப் என்ன செய்தாலும் 400-ஐத் தாண்டவில்லை. புராஜெக்ட் கொடுக்க நான்கே நாள். கடையில் "மதர்போர்டு போச்சு தம்பி, ஆறாயிரம் ஆகும்" என்றார்களாம். அவர் அப்பா துறைமுகத்தில் கூலி வேலை பார்ப்பவர். நான் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டச் சொன்னேன். டக்கென்று 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போனது! சில கம்பெனி சார்ஜர்களின் முனையில் நடுவே ஒரு மெல்லிய பின் இருக்கும். அதன் வழியாகத்தான் 'நான் இத்தனை வாட்' என்று சார்ஜர் சொல்லும். பின் வளைந்தாலோ, உள் ஒயர் அறுந்தாலோ, டூப்ளிகேட் சார்ஜர் போட்டாலோ லேப்டாப்புக்குச் சந்தேகம் வந்து வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். அவருடையதில் ஒயர்தான் அறுந்திருந்தது.

இந்தக் கட்டுப்பாட்டையே அணைத்துவிடும் சாஃப்ட்வேர்களும் உண்டு. காரணம் தெரியாமல் அதைத் தொடாதீர்கள். நிஜமாகவே சூடோ, சார்ஜர் பலவீனமோ இருந்தால் அப்புறம் உண்மையிலேயே போர்டு போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு வெறும் சார்ஜரில் ஓட்டினாலும் சில மாடல்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே கடைக்குப் போகுமுன் சார்ஜர் இல்லாமல் ஒருமுறை, அதே வாட் உள்ள நண்பனின் ஒரிஜினல் சார்ஜரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.