அடையாள அட்டையில் ஒரு சொல்

மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரகடத்துக்கோ ஓசூருக்கோ பஸ் ஏறும் பிள்ளையிடம் வீட்டில் முதலில் கேட்பது சம்பளம். அடுத்தது, கேன்டீன் உண்டா என்பது. மூன்றாவதாக ஒன்றையும் கேட்டுவையுங்கள்: கழுத்தில் தொங்கும் அட்டையில் என்ன போட்டிருக்கிறார்கள்? அப்ரண்டிஸா, ட்ரெய்னியா, இன்டர்னா? மூவருக்கும் ஒரே நிறச் சட்டை, ஒரே லைன், ஒரே பி ஷிப்ட். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு மூவரும் வேறுவேறு ஆட்கள்.

அப்ரண்டிஸ் என்றால் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்காக வந்த இந்தச் சட்டத்துக்குள் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோக்காரர்களும் 1973-இல் கொண்டுவரப்பட்டார்கள். இதன் கீழ் சேருபவர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். அதனால் பொதுவான தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்டு சேர்ந்தால் ஏமாற்றம் பாதியாகக் குறையும். அதற்கு ஈடாகச் சட்டம் சிலவற்றைத் தருகிறது. ஒப்பந்தம் பதிவாக வேண்டும். உதவித்தொகைக்கு ஒரு குறைந்தபட்சம் உண்டு. பட்டதாரிக்கு அது 2019-இல் மாதம் 9,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. சேரும் நாளில் நடப்பில் உள்ள தொகையைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை பீஸ் போட்டால் இத்தனை ரூபாய் என்று பழகுநருக்குக் கணக்குப் போடக்கூடாது. பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைமும் கூடாது. 'ஓ.டி. பார்த்தால்தான் கன்ஃபர்மேஷன்' என்று சொல்லும் சூப்பர்வைசருக்கு இந்த இரண்டு வரிகளும் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

ட்ரெய்னி கதை வேறு. 'கிராஜுவேட் இன்ஜினியர் ட்ரெய்னி' என்பது நிறுவனம் வைத்துக்கொண்ட பெயர். பழகுநர் சட்டத்தில் ஒப்பந்தம் இல்லாமல் ஆளை எடுத்து லைனில் நிறுத்திவிட்டு, 'நீ பயிற்சியில்தானே இருக்கிறாய்' என்று சொல்லி ஈ.எஸ்.ஐ.யைத் தவிர்க்க முடியாது. அந்தச் சட்டத்தில் பதிவாகாத பழகுநரை ஈ.எஸ்.ஐ. ஊழியராகவே எடுத்துக்கொள்கிறது, மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். வேலையில் ஏற்படும் காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது, முதல் நாளே பாதுகாப்பு உண்டு. ஆகவே முதல் வாரத்திலேயே இன்ஷூரன்ஸ் நம்பரைக் கேட்டு வாங்குங்கள்.

நான் இதைத் தெரிந்துகொண்ட விதம் நல்ல விதமல்ல. படிப்பு முடிந்ததும் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் ட்ரெய்னியாக இருந்தேன். தகட்டை டைக்குள் வைத்துவிட்டு இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் ராம் இறங்க வேண்டும். கை இரண்டும் வெளியே இருக்கட்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடே. உற்பத்தி குறைகிறது என்று ஒரு பட்டனை அழுத்தியபடியே கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து மெஷினில் நின்ற தம்பிக்கு ஆட்காட்டி விரல் போனது. ஆட்டோவில் போகும்போதே சூப்பர்வைசர் அவன் காதில் சொன்னது எனக்கும் கேட்டது: "பைக்ல இருந்து விழுந்தேன்னு சொல்லுப்பா, கம்பெனி பாத்துக்கும்." அவனும் அப்படியே சொன்னான். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) சாலை விபத்து என்று ஏறியது. அதன்பின் கம்பெனி பார்த்துக்கொண்டது மூன்று வாரம்.

விபத்து நடந்தால் டாக்டரிடம் சொல்லும் முதல் வாக்கியம்தான் வழக்கின் அஸ்திவாரம். எந்தத் தொழிற்சாலை, எந்த மெஷின், எத்தனை மணி என்று சொல்லி, அது ஏ.ஆர்.இல் ஏறுகிறதா என்று பாருங்கள். நகலைக் கையோடு வாங்குங்கள். பட்டன் கட்டப்பட்டிருந்ததை யாராவது படம் எடுத்து வைத்திருந்தால், மறுநாள் அது அவிழ்க்கப்பட்டிருந்தாலும் பேசலாம்.

விரலுக்கு விலை உண்டா என்றால், உண்டு. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த அட்டவணையில் ஆட்காட்டி விரல் முழுவதும் போனால் 14 சதவீத இழப்பு, கட்டை விரலுக்கு 30. பழகுநராகப் பதிவானவர் காயப்பட்டாலும் முதலாளி இந்தக் கணக்கில் இழப்பீடு தர வேண்டும் என்கிறது பழகுநர் சட்டம். 22 வயதுப் பையன், உதவித்தொகை 9,000 என்று வையுங்கள். அதில் 60 சதவீதம் 5,400. அந்த வயதுக்கான பெருக்கு எண் 221.37. பெருக்கி, அதில் 14 சதவீதம் எடுத்தால் ஏறக்குறைய 1,67,000 ரூபாய். பதிவில் 12,000 என்றிருந்தால் அதே விரல் 2,23,000. கையில் ஒரு தொகை, தாளில் வேறு தொகை என்று கொடுக்கும் இடத்தில் விரலின் விலையும் சேர்ந்து குறைகிறது. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு இது மொத்தத் தொகையாக வராது, ஆயுளுக்கும் மாதாமாதம் வரும். 2025 நவம்பர் 21 முதல் இழப்பீட்டுச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் வந்துவிட்டன. ஆபத்தான நிலை தெரிந்தால் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் முறையிடும் உரிமையை அவற்றில் ஒன்று வெளிப்படையாகவே சொல்கிறது.

இன்டர்ன் இன்னும் மாணவர். பெரும்பாலும் போனஃபைடு கடிதத்தை நம்பி உள்ளே போகிறவர். கல்லூரிக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் ஒப்பந்தமும் விபத்துக் காப்பீடும் இருக்கின்றனவா என்று மட்டும் கேளுங்கள். பணம் கட்டினால் உள்ளேயே போகாமல் 'இன்-பிளான்ட் ட்ரெய்னிங்' சான்றிதழ் தருகிறவர்களைப் பற்றி எழுத இடம் வீண்.

இனி பாண்டு. இரண்டு வருடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குவது அடியோடு செல்லாது என்று நண்பர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில், மூன்று ஆண்டுக்குமுன் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது. ஆனால் தாளில் எழுதிய தொகை தானாகக் கைக்கு வந்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் தரச் சொல்கிறது. தாளில் உள்ள தொகை அதற்கு மேல்வரம்பு. பயிற்சிக்கு என்ன செலவானது என்ற கேள்வி அங்கே வரும்.

பாண்டைவிட எனக்குப் பயம் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைதான். அதை நிரப்பி வங்கியில் போட்டுத் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கு. கடன் இல்லை என்று காட்டும் பாரம் முதலில் உங்கள் தலையில். அசல் சான்றிதழும் அப்படித்தான்: சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைக்க வேண்டாம். சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, அதைப் பிடித்து வைக்கும் உரிமை இல்லை என்று கல்லூரி வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இருக்காது.

எங்கே போவது? பட்டதாரிப் பழகுநர்களுக்குத் தரமணியில் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். ட்ரெய்னிகளுக்குத் தொழிலாளர் துறை அலுவலகம். மெஷின் பாதுகாப்புக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி. பெண்களும் ஆலைத் தொழிலாளர்களும் வருமானக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

அட்டையில் என்ன சொல் இருந்தாலும் கவலைப்படாத சட்டம் ஒன்றும் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ட்ரெய்னி, அப்ரண்டிஸ் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, வேறு எந்தப் பெயரால் அழைத்தாலும் ஊழியர்தான் என்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் புகார் எழுத வேண்டும்.

வேலையை விடும் நாளில் அட்டையைக் கேட்டிலேயே கழற்றி வாங்கிக்கொள்வார்கள். சேர்ந்த அன்றே இரு பக்கமும் படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.