கறியைக் குறைக்கச் சொல்லும் முன்...

போன ஆடி மாதம் எங்கள் திருமழிசைப் பகுதி இயற்கை உழவர்கள் கூடியபோது, ஒரு தம்பி தீர்மானம் கொண்டுவந்தார். கணினி வேலையை விட்டுவிட்டு உழவுக்கு வந்தவர். "நம்ம வாரச் சந்தைக்கு வர்றவங்ககிட்ட கறியைக் குறைக்கச் சொல்லணும் சார். பூமி சூடாகுறதுல கால்நடைக்கும் பங்கு இருக்கு. இயற்கை விவசாயின்னு சொல்லிக்கிட்டு நாம இதைப் பேசாம இருக்கலாமா?" என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. மனிதர்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவிகிதம் கால்நடை வளர்ப்பால் வருவது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-ல் கணக்கிட்டது. பிறவியிலேயே சைவமான நான்தான் முதல் ஆளாகக் கை தூக்கினேன்.

பின்வரிசையில் இருந்து ஆட்டுக்கிடை போடும் பெரியவர் எழுந்தார்.

"மேனேஜர் சார், போன கோடையில உங்க வயல்ல அஞ்சு ராத்திரி ஆடு அடைச்சேன். புழுக்கைக்குக் கூலி குடுத்தீங்க. அந்தக் கூலியிலயா என் வீட்டுல உலை கொதிக்குது? ஆடிக்கு நாலு கிடா வித்தாத்தான் எனக்கு வருசம் ஓடும். கறி வேணாம்னு சொல்லுங்க, அப்புறம் புழுக்கையும் கேக்காதீங்க."

தூக்கிய கையை இறக்கிவிட்டேன். தீர்மானமும் நிறைவேறவில்லை. அன்றிலிருந்து மனதில் ஓடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யார் தட்டில் எவ்வளவு?

2014-ம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பேரில் 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுபவர்கள். ஆனால், அவர்கள் வீட்டுச் சட்டியையும் எட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைதான் கறி. மற்ற நாளில் நாலு துண்டு கருவாடு போட்டு, மொச்சையும் கத்தரிக்காயும் நிறையப் போட்டுக் குழம்பு வைப்பார்கள். சராசரி அமெரிக்கர் சாப்பிடும் கறியில் பத்தில் ஒரு பங்குகூட சராசரி இந்தியர் சாப்பிடுவதில்லை.

அதோடு புரட்டாசி இருக்கிறது. ஒரு மாதம் முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் கறிச்சட்டி ஏறுவதில்லை. கோழி விலை இறங்குகிறது. எந்த அரசாணையும் இதற்குக் கிடையாது. மாறாக, மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் என்று உத்தரவு போட்டுக் கடையை மூடும்போது, முந்தின நாள் சாயங்காலம் கடையில் கூட்டம் நிற்கிறது. மறுநாள் ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்துச் சமைக்கிறார்கள். தானாக விட்டால் மாதக்கணக்கில் விடுவார்கள். அதட்டினால் ஒருநாள்கூட விடமாட்டார்கள்.

2017 சொன்ன பாடம்

அதட்டல் உழவரை எப்படித் தாக்கும் என்பதை 2017-ல் பார்த்தோம். அந்த ஆண்டு மே 23-ல் மத்திய அரசு கால்நடைச் சந்தைகளுக்குப் புதிய விதிகளை அறிவித்தது. மாட்டை விற்பவர், 'வெட்டுவதற்காக விற்கவில்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குபவர், தான் விவசாயி என்று ஆதாரம் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு மாட்டை விற்கவும் கூடாது. மே 30-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் விரித்தது.

எல்லோரும் இதை மாட்டுக்கறிச் சண்டையாகவே பேசினார்கள். எனக்கு அது கடன் கணக்காகத் தெரிந்தது. வங்கியில் கறவை மாட்டுக் கடன் கொடுத்தே பாதி வாழ்க்கை போனவன் நான். ஏழெட்டு ஈத்து முடிந்த மாட்டை விற்ற பணம்தான் பெரும்பாலான வீடுகளில் அடுத்த மாட்டுக்கு முன்பணம். அந்தக் காசு வராவிட்டால் அடுத்த மாடு இல்லை. மாடு இல்லையென்றால் சாணம் இல்லை. அப்புறம் பஞ்சகவ்யத்துக்கும் ஜீவாமிர்தத்துக்கும் எங்கே போவது?

என் கொட்டகைக் கணக்கு

என்னிடமும் பால் வற்றிய கிழமாடு ஒன்று இருக்கிறது. வைக்கோல், தவிடு, பசுந்தீவனம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 120 ரூபாய் ஆகிறது. வருடத்துக்கு 43,800 ரூபாய். சாணமும் கோமியமும் கொஞ்சம் ஈடுகட்டும். மீதிக்குத் தீனி போடுவது என் பென்ஷன்.

பக்கத்து வயல் அம்மாவுக்குப் பென்ஷன் இல்லை. இரண்டு வருடம் முன்பு தன் கிழமாட்டை வியாபாரிக்குக் கொடுத்தார். நான் அவரோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. "இத்தனை வருசம் பால் குடுத்த மாடும்மா" என்று ஒருநாள் கேட்டும்விட்டேன். "தெரியும் சார். பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்" என்றார். கூட்டத்தில் நான் கை தூக்கியபோது அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். என் வீட்டில் கறி சமைப்பதில்லை என்பது ஒரு பழக்கம். அதை அடுத்தவரை எடைபோடும் தராசாக ஆக்கியது என் தவறு.

அப்படியானால் எதைக் குறைப்பது?

தம்பியின் கவலை பொய்யில்லை. முன்பு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பாக இருந்தது, இப்போது நெடுஞ்சாலை நெடுக தினசரி பிரியாணியாகிவிட்டது. அதில் பெரும்பகுதி பிராய்லர். சுமார் 40 நாளில் இரண்டு கிலோ எடை ஏற, அந்தக் கோழி தின்பது மக்காச்சோளமும் சோயாவும். உரமும் களைக்கொல்லியும் கொட்டி, ஒரே பயிராக விளைவிக்கிற தீவனம் அது. மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினைப் பண்ணை விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019-ல் அரசே தடைபோட வேண்டி வந்தது. ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது. வளர்ப்பவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி மட்டும்.

தரிசில் மேய்ந்து, நம் வயலில் படுத்து, புழுக்கை போட்டுவிட்டுப் போகும் ஆடு வேறு. இந்தக் கோழி வேறு. இரண்டையும் 'கறி' என்று ஒரே சொல்லில் அடைத்து 'குறை' என்றால், முதலில் அடிபடுவது கிடைக்காரர்தான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் தம்பியும் பெரியவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சந்தையில் 'கறி வேண்டாம்' என்ற பலகை கிடையாது. புரட்டாசி முழுக்க மொச்சை, காராமணி, கொள்ளு, வேர்க்கடலை நாலையும் லாபம் இல்லாமல் விற்பது. சமைக்கும் முறையைத் துண்டுச்சீட்டில் அச்சடித்துக் கொடுப்பது. பிராய்லர் என்ன தின்று வளர்கிறது என்பதைக் கேட்பவர்களுக்கு மட்டும் விளக்குவது. அப்படியே செய்தோம். கொண்டுவந்த மொச்சை மூன்றாவது வாரமே தீர்ந்துபோனது.

கிழமாட்டுக்கு யார் தீனி போடுவது என்ற கேள்விக்கு மட்டும் எங்களிடம் இன்னும் விடை இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து, சாணத்துக்காகவே வற்றிய மாடுகளைப் பொதுக் கொட்டகையில் வைக்கலாமா என்று யோசிக்கிறோம். மேய்ச்சலுக்கு விட்ட புறம்போக்கெல்லாம் மனையாகிவிட்ட எங்கள் ஊரில் அது எளிதில்லை. உங்கள் ஊரில் யாராவது அப்படி நடத்திக் காட்டியிருந்தால், வரவு செலவோடு இந்த இதழுக்கு எழுதுங்கள். அந்த அம்மாவிடம் இரண்டாவது மாடும் வற்றும் நிலையில் இருக்கிறது.