மீன் கூட்டத்திற்குத் தலைவன் யார்?

செங்கற்பட்டு மாவட்டத்திலே, மாமல்லபுரத்திற்கு வடக்கே, முட்டுக்காட்டில் உப்பங்கழி ஒன்று விரிந்து கிடக்கிறது. அங்கே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் சோதனை நிலையம் உளது. அந்நிறுவனம் வளர்ப்புமுறை கண்ட மீன்களுள் ஒன்று, கேரள நாட்டார் விரும்பி உண்ணும் கரிமீன். கரிமீன்கள் கூட்டமாய் நீந்துங்கால் ஒருசேரத் திரும்பும். ஆணையிடும் தலைவன் எவனும் இல்லை. பின் அவ்வொழுங்கு எங்ஙனம் பிறக்கிறது?

1995ஆம் ஆண்டு ஹங்கேரி நாட்டு இயற்பியலறிஞர் விச்செக்கும் அவர்தம் குழுவினரும் ஒரு விடை கூறினர். ஒவ்வோர் உயிரும் தன் அண்டையிலுள்ள அனைத்தின் போக்கையும் நோக்கி, அவற்றின் சராசரித் திசையில் செல்லும். தற்செயல் மாற்றங்கள் மிகுந்தால் ஒழுங்கு குலையும் என்பது அதன் சாரம். இது கணினியில் கண்ட விடை.

மீனிடமே விடை கேட்க முற்பட்டனர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார். இயற்பியல் பயின்று உயிரியலுக்கு வந்த விஷ்வேஷ குத்தல் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் ஜிதேஷ் ஜாவர் முதலியோர் 15, 30, 60 எனக் கரிமீன்களை நீந்தவிட்டுப் படமெடுத்தனர். பொறியியலாரும், இங்கிலாந்தின் கணித அறிஞர் டிம் ரோஜர்ஸும் உடன் உழைத்தனர். 2020இல் முடிவு வெளியாயிற்று. சிறிய கூட்டத்திலேதான் ஒழுங்கு மிகுதி! மீன் அனைவரையும் நோக்குவதில்லை. ஒரு வேளையில் ஏதேனும் ஒரு மீனைப் பார்த்தே திரும்புகிறது. தற்செயலே ஒழுங்கை விளைக்கிறது.

இது எவ்வாறு இயலும்? நான்கு காசுகளைச் சுண்டுங்கள். நான்கும் ஒரே பக்கமாய் விழ எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. நாற்பது காசுகள் அவ்வாறு விழுதல் அரிதினும் அரிது. அதுபோலச் சிறு கூட்டத்தில் சில மீன்கள் தற்செயலாய் ஒருபுறம் திரும்பின், அவற்றைப் பார்த்துப் பிறவும் திரும்புகின்றன. பெருங்கூட்டத்திலோ தற்செயல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன.

மீனை வளர்த்து நோக்க உயிரியல் வேண்டும்; படத்தைக் கணக்காக்கப் பொறியியல் வேண்டும்; தற்செயலை அளக்கக் கணிதம் வேண்டும். ஒருவர் மட்டும் முயன்றிருப்பின் வினா பாதியிலேயே நின்றிருக்கும். "கணக்கு வராது, ஆகவே உயிரியல் எடுத்தேன்" என்று கூறிய பிள்ளைகள் பலரை என் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன். தவளையை அறுக்க அஞ்சிக் கணிதம் புகுந்தாரும் உளர். பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளில் மற்றொன்றின் கதவை முற்றும் அடைத்துவிடாதீர்கள். அக்கதவுக்கு அப்பால் இருப்பவர் நாளை உங்கள் வினாவின் மறுபாதியை வைத்திருக்கக்கூடும்.