மக்கர் செய்யும் கார்புரேட்டர்: மாற்றும் முன் நான்கு சோதனைகள்



கடைக்குச் சொந்த வண்டி இருப்பது கூடுதலாக ஓர் ஆள் இருப்பதற்குச் சமம். அந்த ஆள் சொல்லாமல் விடுப்பு எடுத்தால் என்ன ஆகும்? மண்டியில் ஏலம் முடிந்துவிடும், வாடகை வண்டிக்குக் கூலி கொடுக்க வேண்டும், காத்திருந்த வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பழைய பெட்ரோல் பிக்கப், மாருதி ஆம்னி வேன் போன்ற வண்டிகளை வைத்திருப்போருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கார்புரேட்டரில்தான் தொடங்குகிறது. "போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்று பட்டறையில் சொன்னவுடன் கல்லாவைத் திறக்காதீர்கள். பல நேரங்களில் கெட்டுப் போயிருக்காது. ஏதோ ஒரு பாகம் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

டீசல் வண்டிகளில் கார்புரேட்டர் கிடையாது. ஏறத்தாழ 2000-க்குப் பின் வந்த பெட்ரோல் கார், வேன்களில் பெரும்பாலும் இஞ்ஜெக்‌ஷன் முறைதான். அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்போருக்கே இக்கட்டுரை.

ஏன் ஒட்டிக்கொள்கிறது?

நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற கசடு தங்கும். தூசியும் டேங்க் துருவும் அதோடு சேரும். இப்போது இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோலில் எத்தனால் கலப்பது நாடு முழுவதும் 2022-ல் 10 விழுக்காட்டையும், 2025-ல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் உப்ப வைக்கும். டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். பழைய வண்டிகள் அந்தக் கலவைக்கென்று செய்யப்பட்டவை அல்ல.

முதலில் பாதுகாப்பு

கடைக்குள் இந்த வேலை வேண்டாம். எண்ணெய், சாக்கு, கற்பூரம் உள்ள இடத்தில் பெட்ரோல் ஆவி பரவினால் ஒரு பொறி போதும். திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பீடி, சிகரெட் அருகில் கூடாது. ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே ஸ்டார்ட் செய்யும் வழக்கத்தை அடியோடு விடுங்கள். தீ திருப்பி அடித்து முகம் கருகும்.

சோதனை 1: ஆக்ஸிலேட்டர்

மிதித்த காலை எடுத்தும் வேகம் குறையவில்லையா? நான்கிலும் ஆபத்தானது இதுதான். அன்றே சரி செய்யுங்கள். ஓட்டுநரை அந்த வண்டியில் அனுப்பாதீர்கள். முதலில் பெடலுக்கு அடியில் மேட் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கார்புரேட்டர் பக்கம் கேபிளைக் கழற்றி, அங்குள்ள நெம்புகோலைக் கையால் தள்ளி விடுங்கள். 'டக்' என்று திரும்பினால் குறை கேபிளில். உள்கம்பியில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் புது கேபிள் போடுங்கள். திரும்பவில்லை என்றால் தண்டில் கசடு, அல்லது ஸ்பிரிங் தளர்ச்சி. கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பலமுறை அசைத்துத் துடையுங்கள். கிரீஸ் தடவாதீர்கள், தூசி அதில் ஒட்டி மறுபடியும் இறுகும்.

ஓடும்போதே மாட்டிக்கொண்டால்: கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதியுங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாகப் பிடியுங்கள். நியூட்ரலுக்குத் தள்ளி ஓரம் கட்டிய பின் எஞ்சினை நிறுத்துங்கள். வண்டி நகரும்போது சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இதை உங்கள் ஓட்டுநருக்குச் செய்து காட்டிப் பழக்குங்கள்.

சோதனை 2: சோக்

ஏர் ஃபில்டரைக் கழற்றினால் கார்புரேட்டர் வாயில் ஒரு மூடித் தகடு தெரியும். எஞ்சின் சூடான பின் அது முழுதாகத் திறந்து நிற்க வேண்டும். பாதியில் நின்றால் கரும்புகை வரும், பெட்ரோலை வண்டி குடிக்கும். பெரும்பாலும் கேபிளைச் சரி செய்து, தகட்டின் தண்டைச் சுத்தம் செய்தாலே போதும்.

சோதனை 3: மிதவையும் ஊசி வால்வும்

கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை எழும்பி ஊசி வால்வை மூடும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போலத்தான். வால்வு திறந்தபடி ஒட்டிக்கொண்டால் பெட்ரோல் வழியும், பிளக் கறுக்கும். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால், சீட்டில் பெட்ரோல் வாடை வந்தால் உடனே நிறுத்தி இறங்குங்கள். மூடியபடி ஒட்டினால் பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும்.

ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தை மெல்லத் தட்டுங்கள். உடனே சரியானால் குறை இங்கேதான். ஆனால் தட்டுவது கண்டுபிடிக்கும் வழியே தவிர மருந்தல்ல. கழற்றி, ஊசி முனையில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். மிதவையைக் காதருகே ஆட்டினால் 'களக் களக்' என்றால் உள்ளே பெட்ரோல் புகுந்துவிட்டது. அதையும் மாற்ற வேண்டும்.

கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். நீர்த்துளியோ செந்நிறத் துருவோ இருந்தால் கார்புரேட்டரை மட்டும் கழுவிப் பயனில்லை. டேங்கைச் சுத்தம் செய்து, பெட்ரோல் ஃபில்டரை மாற்றினால்தான் தீரும்.

சோதனை 4: ஜெட் துளைகள்

சோக்கை இழுத்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் ஐடில் ஜெட் அடைப்பாக இருக்கலாம். கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். மிதவையைக் கழற்றாமல் பலமாகக் காற்று அடிக்க வேண்டாம். கம்பி, ஊசி விட்டுக் குத்தவே கூடாது. துளை மயிரிழை பெரிதானாலும் ஆயுள் முழுக்கப் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். குத்திக் குடைகிற பட்டறையை மாற்றுங்கள்.

எப்போது புதிது?

தண்டு தேய்ந்து ஆட்டம் கண்டு, அந்த இடுக்கில் காற்று உறிஞ்சினால் சுத்தம் செய்து பயனில்லை. உடல் விரிசல் விட்டாலும், வளைந்தாலும் அப்படியே. மற்றபடி வாஷர், ஊசி வால்வு அடங்கிய ரிப்பேர் கிட் முதலில் போட்டுப் பாருங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்கிப் பாருங்கள். அது உங்கள் உரிமை.

வராமல் காக்க

வாரம் ஒருமுறையாவது வண்டியை ஓட்டுங்கள். ஒரு மாதம் நிறுத்துவதானால் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிடுங்கள். பழைய ரப்பர் குழாய்களை, எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுங்கள். முக்கியமாக, வண்டிக்கென்று ஒரு சிட்டை வையுங்கள்: தேதி, போட்ட லிட்டர், ஓடிய கிலோமீட்டர். வழக்கமான மைலேஜ் குறையத் தொடங்கினால், வண்டி நடுவழியில் நிற்பதற்கு முன்பே அந்தக் கணக்கு உங்களுக்குச் சொல்லிவிடும்.