தண்டவாளமும் வீடும் – 6: கோச்சி முதலில் வந்தது

சென்ற வாரம் தலைமன்னார்ப் பாதையோடு நிறுத்தியிருந்தேன். மதவாச்சியில் அது மேற்கே பிரிந்துவிட, வடக்கே நேராகப் போவது யாழ்ப்பாணத்துப் பாதை. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி என்று ஏறி, யாழ்ப்பாணத்தையும் தாண்டிக் காங்கேசன்துறையில் கடலைக் கண்டு நிற்கும். 1905இல் இந்தப் பாதை முழுமை பெற்றது. யாழ்தேவிக் கோச்சி ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரலில்.

யாழ்ப்பாணத்தவரின் வீட்டைத் தாங்கி நின்றவை எவை என்று கேட்டால் காணி, கிணறு, பனை என்பார்கள். நான் கோச்சியையும் சேர்ப்பேன். புகையிலையும் வெங்காயமும் செய்து, துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த குடும்பங்கள் பிள்ளைகளைப் படிப்பித்துத் தெற்கே அரசாங்க உத்தியோகத்துக்கு அனுப்பின. கிளாக்கர் ஐயா வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலைந்து பேரோடு சமறியில் இருப்பார். மனைவி, பிள்ளைகள், வயதான தாய் எல்லோரும் ஊரில். சம்பளம் மணியோடரில் போகும். லீவு கிடைத்தால், கந்தோரில் புகையிரத வாறண்ட் எழுதி வாங்கிக்கொண்டு, ஆள் இரவு மெயிலில் போவார். திரும்பி வரும்போது பெட்டி நிறைய ஒடியல் மா, முருங்கைக்காய், பருவமென்றால் கறுத்தக்கொழும்பான். அவற்றைச் சமறியில் இருந்த எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு அடுப்பு எரிந்தாலும் குடும்பம் ஒன்றாகவே இருந்தது. பலர் கொழும்பில் வீடு வாங்கும் எண்ணமே இல்லாமல் ஓய்வூதியம் வரை காலத்தைக் கழித்ததற்கு இந்தக் கோச்சி ஒரு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

1958, 1983 இனக்கலவரங்களில் தெற்கில் அடிபட்டவர்களைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கினார்கள். அப்போதும் போய்ச் சேர வடக்கே ஒரு வீடு இருந்தது. பிறகு போர் பாதைக்கே வந்துவிட்டது. 1985 ஜனவரியில் முறிகண்டிக்கு அருகே யாழ்தேவியைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். படையினரோடு பொதுமக்களும் இறந்தார்கள். 1990 யூனில் சண்டை மீண்டும் மூள, கோச்சி அடியோடு நின்றது.

அதன்பின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. இதைக் குறையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. குண்டுவீச்சு விமானம் சுற்றும் நேரத்தில் ஒரு தாயின், ஒரு குழந்தையின் தலைக்கு மேலே ஒரு சிலிப்பர் கட்டை கிடந்திருந்தால் அது அங்கே கிடந்ததுதான் சரி. யாழ்தேவி பெயரை மாற்றிக்கொள்ளாமல் வவுனியாவோடு நின்றது. ஊருக்குப் போக வேண்டியவர்கள் கிளாலிக் கடலில், இருட்டில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறினார்கள். பலர் கரை சேரவில்லை.

வெறுமையாய்க் கிடந்த புகையிரதக் காணிகளில், இடம்பெயர்ந்து வந்தவர்கள் குடிசை போட்டார்கள். கோச்சி ஓடிய மேட்டிலேயே சமைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். பாதை திரும்ப வருகிறது என்றதும் அவர்கள் எழும்ப வேண்டியதாயிற்று. ஒருவர் வீடு திரும்புவதற்காக இன்னொருவர் வீட்டைப் பிரிக்க வேண்டியிருந்ததைத் திறப்பு விழாப் பேச்சுகளில் யாரும் நினைவுகூர்ந்ததாக நான் அறியேன்.

இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் பாதையைப் போட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, அடுத்த மார்ச்சில் பளை, 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம். இருபத்துநான்கு வருடங்களுக்குப் பிறகு வந்த கோச்சியைப் பார்க்கச் சனம் திரண்டது. அந்தச் சந்தோசம் உண்மையானது. அதைச் சிறுமைப்படுத்த யாருக்கும் உரிமையில்லை.

2015 ஜனவரியில் கோச்சி காங்கேசன்துறைக்கும் போனது. இங்கேதான் என் மனம் தங்கிவிடுகிறது. 1990இல் காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி, தையிட்டி என்று வலிகாமம் வடக்கின் ஊர்களைச் சனம் விட்டு ஓடியது. அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. சனத்தில் ஒரு பகுதி மல்லாகம், கோணப்புலம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி நிலையங்களில் கிடுகுக்கும் தகரத்துக்கும் கீழே கிடந்தது. சுன்னாகமும் மல்லாகமும் இதே பாதையில் உள்ள நிலையங்கள். முகாமில் இருந்தவரின் சொந்த ஊருக்கு, முகாமுக்குப் பக்கத்தால் கோச்சி போய் வந்தது. அவரும் டிக்கெட் எடுத்துப் போகலாம், காங்கேசன்துறை மேடையில் இறங்கலாம். பலருக்கு அதற்கு அப்பால் கால் வைக்க அனுமதி கிடையாது. சில ஊர்களில் வீட்டின் அத்திவாரம்கூட மிஞ்சவில்லை.

பின்னர் காணிகளைத் துண்டு துண்டாக விடுவித்தார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் திறந்தது. மீனவர்கள் திரும்பினார்கள், கோயில்களில் விளக்கு எரிந்தது. ஆனாலும் இருபத்தைந்து வருடம் முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு மயிலிட்டி என்பது தாய் சொன்ன கதை. அந்தப் பிள்ளை அங்கே குடியேற, கோச்சி மட்டும் போதாது. கிணறு இறைத்துத் துப்புரவாக்கக் காசு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், வள்ளம் வேண்டும்.

இன்று இந்தப் பாதையின் மேடைகளில் இறங்குபவர்கள் வேறு. கொழும்பில் படிக்கும் பிள்ளைகள், அலுவலாகப் போய் வருபவர்கள், ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருபவர்கள். 2023இன் முதல் பாதியில் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையே திருத்த வேலைக்காகப் பாதையை மூடியபோது இவர்கள் எல்லோரும் பஸ்ஸில் நெருக்குண்டார்கள்.

வலிகாமம் வடக்கில் இன்னும் சில காணிகள் படையினரிடம் உள்ளன. அவற்றின் சொந்தக்காரர்களில் பலர் உறுதியைப் பெட்டியில் வைத்தபடியே கண்மூடிவிட்டார்கள். இருப்பவர்களும் வயதாளிகள். போரில் அழிந்த பாதையை, பணமும் மனமும் சேர்ந்தபோது, சில வருடங்களில் போட்டு முடிக்க முடிந்தது. காணியை விடுவிக்க அந்தப் பணம்கூடத் தேவையில்லை, ஒரு கையெழுத்துப் போதும். இருப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைப் போடுங்கள்.

(தொடரும்)